ஒளியியல் பயன்பாட்டுக்கான கரிம ஒற்றைப் படிகம்: பொருள் தேர்வு முதல் லேசர் சோதனை வரை

படிக வளர்ச்சி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சில்தான் இருக்கும். இரண்டு பொருட்களைச் சம மோல் அளவில் எடுத்தோம், தண்ணீரில் கரைத்தோம், வடிகட்டி அசையாத இடத்தில் வைத்தோம், சில வாரங்களில் படிகம் கிடைத்தது. இதற்கு அரைப் பக்கம். அப்புறம் பத்துப் பன்னிரண்டு கருவிகளின் வரைபடங்கள், பதினைந்து பக்கம். இதைப் படித்துவிட்டு வேலையில் இறங்கும் புது மாணவருக்குப் படிகம் வராது, வந்தாலும் பால் போல வெளிறி வரும். சில சமயம் அழகான படிகமே வரும், ஆனால் அவர் நினைத்த பொருளாக அது இருக்காது. மூன்றாவதுதான் மிக மோசமானது, ஏனென்றால் அதை வைத்து ஒரு வருடம் அளந்து முடித்த பிறகுதான் பெரும்பாலும் தெரியவரும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் செலவிடப் போவது மூன்று இடங்களில்: கரைதிறன், கையில் இருப்பது எது என்று உறுதி செய்வது, ஒளி அளவீடுகளைச் சரியாகப் படிப்பது. மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

1. முதலில் பயன்பாடு, பிறகு பொருள்

லேசரின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கவா, டெராஹெர்ட்ஸ் அலை உண்டாக்கவா, ஒளியின் செறிவைக் கட்டுப்படுத்தவா, கதிர்வீச்சைக் கண்டறியும் ஒளிர்வுப் படிகமா? இதைத் தீர்மானிக்காமல் பொருளைத் தேடாதீர்கள். அதிர்வெண் இரட்டிப்புக்கு, அதாவது எஸ்எச்ஜிக்கு, படிகத்தில் மையச் சமச்சீர், அதாவது ஒரு மையப் புள்ளிக்கு இருபுறமும் எல்லாம் தலைகீழாக ஒத்திருக்கும் அமைப்பு, இருக்கவே கூடாது. மூன்றாம் படி விளைவுகளுக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஸ்டில்பீன் போன்ற ஒளிர்வுப் படிகத்துக்கும் கிடையாது.

எஸ்எச்ஜி என்று முடிவு செய்துவிட்டால், சிக்கல் இங்கேயே தொடங்கும். பாரா நைட்ரோஅனிலினை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சீன் வளையத்தின் ஒரு முனையில் எலக்ட்ரானைக் கொடுக்கும் அமினோ தொகுதி, எதிர் முனையில் அதை இழுக்கும் நைட்ரோ தொகுதி. தனி மூலக்கூறாகப் பார்த்தால் பிரமாதம். ஆனால் படிகமாகும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் எதிராக இன்னொன்று தலைகீழாகப் படுத்துக்கொள்ளும், ஒன்றின் விளைவை மற்றது அடித்துவிடும், எஸ்எச்ஜி வராது. அதே வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து 2-மெத்தில்-4-நைட்ரோஅனிலின் ஆக்கினால் அடுக்கும் முறையே மாறி, மையச் சமச்சீர் இல்லாத படிகம் கிடைக்கிறது. அது இத்துறையின் பெயர் பெற்ற வலுவான பொருட்களில் ஒன்று. மெட்டா நைட்ரோஅனிலினும் இதே வகையில் தப்பித்த பொருள்தான். மூலக்கூறின் கணக்கீட்டு மதிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடுக்கு ஒத்துழைக்காவிட்டால் பயனில்லை என்பதை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொண்டால், கணக்கீட்டு மென்பொருள் தரும் பெரிய எண்களைப் பார்த்து மயங்க மாட்டீர்கள்.

இந்தச் சிக்கலைத் தாண்ட இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, இடக்கை-வலக்கை பேதம் உள்ள, அதாவது கைரல் மூலக்கூறு. எல்-அமினோ அமிலங்கள் மேல் இவ்வளவு பேர் விழுந்ததற்குக் காரணம் இதுதான், ஒரே கைத்தன்மை உள்ள மூலக்கூறால் மையச் சமச்சீரான படிகத்தைக் கட்டவே முடியாது. இன்னொன்று, அயனி உப்பாக்கி எதிர் அயனியின் மூலம் அடுக்கை மாற்றுவது. 1989-இல் வெளிவந்த ஸ்டில்பசோலியம் டோசிலேட் உப்பான டாஸ்ட் இந்த இரண்டாம் வழியின் வெற்றி; இன்றும் டெராஹெர்ட்ஸ் உற்பத்தியில் அதன் பெயர் முன்னால் நிற்கிறது.

ஒரு பேரமும் உண்டு. எலக்ட்ரான் ஓடும் பாதையை நீட்ட நீட்ட நேரிலா விளைவு, அதாவது எஸ்எச்ஜி போன்றவற்றைத் தரும் திறன், கூடும், கூடவே படிகத்தின் நிறமும் ஏறும். சிவந்த படிகத்தை வைத்துப் பச்சை லேசர் எடுக்க முடியாது, வரும் பச்சையை அதுவே விழுங்கிவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. நைட்ரோஅனிலின்கள் தோல் வழியாகவே உடலுக்குள் போகும் நஞ்சு. பிக்ரிக் அமிலம் இத்துறையில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது, ஆனால் அது காய்ந்தால் வெடிபொருள். ஈரமாகத்தான் வைக்க வேண்டும், உலோகத்தோடு சேர்ந்த பிக்ரேட் உப்புகள் இன்னும் மோசம். பிக்ரேட் படிகத்தைத் தேய்த்துப் பொடியாக்கும் முன் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள்.

2. தூய்மையாக்கல்

பாட்டிலில் 99 சதவீதம் என்று எழுதியிருப்பது படிகம் வளர்க்கப் போதாது. அந்த மீதி ஒரு சதவீதம் எங்கே போய் உட்காரும் என்றால், வளரும் முகத்தின் படிகளில்தான். சில முகங்களின் வளர்ச்சியை நிறுத்தி, வடிவத்தையே மாற்றிவிடும். சூடான கரைப்பானில் கரைத்து, நிறமாசு இருந்தால் கிளர்வூட்டிய கரியோடு கலக்கி, சூடாகவே வடிகட்டி, மெல்லக் குளிரவிட்டு மறுபடிகமாக்குங்கள். எத்தனை தடவை என்பதற்கு வழக்கமான பதில் மூன்று. சரியான பதில், அடுத்தடுத்த இரண்டு தடவைகளில் உருகுநிலை நகராமல், கூர்மையாக நிற்கும் வரை. உருகலிலிருந்து வளர்ப்பதாக இருந்தால் மண்டலச் சுத்திகரிப்பும், அதாவது உருகிய குறுகிய பகுதியைக் கட்டியின் நெடுக நகர்த்தி மாசை ஓரத்துக்குத் தள்ளுவதும், செய்யலாம். நாஃப்தலீன், ஆந்த்ரசீன் போன்றவற்றுக்கு அது நன்றாக ஒத்துவரும்.

3. கரைப்பானும் கரைதிறனும்

பலரும் தாவிக் கடந்துவிடும் படி இது.

கரைப்பானைத் தேர்வு செய்ய முதலில் சோதனைக் குழாய்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள்: தண்ணீர், மெத்தனால், எத்தனால், அசிட்டோன், அசிட்டோநைட்ரைல், டைமெத்தில் ஃபார்மமைடு, கலவைகள். அசிட்டோன் ஆசை காட்டும். எல்லாம் கரையும், இரண்டு நாளில் படிகமும் வந்துவிடும். ஆனால் அவ்வளவு வேகமாக ஆவியாகும் கரைப்பானில் வரும் படிகம் உள்ளே துளித்துளியாகக் கரைசலை அடைத்துக்கொண்டு வரும். கரைதிறன் அறை வெப்பநிலையில் மிதமாகவும், வெப்பநிலையோடு நிதானமாக ஏறுவதாகவும் இருக்கும் கரைப்பானே நல்லது. படிகம் ஊசி ஊசியாக வந்தால் பொருளைக் குறை சொல்லும் முன் கரைப்பானை மாற்றிப் பாருங்கள், பல பொருட்களில் ஊசி கட்டியாக மாறிவிடும்.

கரைப்பான் பொருளையே மாற்றிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். டாஸ்டை மெத்தனாலிலிருந்து வளர்ப்பார்கள்; அதில் ஈரம் ஏறினால் ஆரஞ்சு நிறத்தில் நீரேற்ற வடிவம் வந்து நிற்கும், அதற்கு மையச் சமச்சீர் உண்டு, எஸ்எச்ஜி இல்லை.

இனி கரைதிறன் வளைவு. நிலையான வெப்பநிலைத் தொட்டியில் மூடிய குடுவையை வைத்து, பொருளை அதிகப்படியாகப் போட்டு, ஒரு நாள் முழுவதும் கலக்கவிடுங்கள். கலக்குவதை நிறுத்தி, படிந்த பிறகு மேலே உள்ள தெளிந்த கரைசலை அதே வெப்பநிலைக்குச் சூடாக்கிய பிப்பெட்டால் 5 மில்லி எடுத்து, எடை போட்ட கிண்ணத்தில் ஆவியாக்கி, மிச்சத்தை எடை போடுங்கள். பிப்பெட் குளிர்ந்திருந்தால் உள்ளேயே படிகமாகி அளவு தப்பாகும். 30, 35, 40, 45, 50 டிகிரி என்று ஐந்து புள்ளிகள் போதும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுங்கள்.

இந்த வளைவு எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லியில் 40 டிகிரியில் 30 கிராமும் 35 டிகிரியில் 26 கிராமும் கரைகிற ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி கரைசலை 40-இலிருந்து 35-க்குக் குளிர்வித்தால் 20 கிராம் வெளியே வர வேண்டும். அடர்த்தி 1.3 என்றால் சுமார் 15 கன சென்டிமீட்டர், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் கனசதுரம். அதுதான் உச்ச வரம்பு. இப்போது எவ்வளவு கரைசல் வேண்டும், எத்தனை டிகிரி இறங்க வேண்டும் என்று குருட்டாம்போக்கில் இல்லாமல் முடிவெடுக்கலாம். வளைவு கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தால் குளிர்வித்து வளர்ப்பதில் அர்த்தமில்லை, ஆவியாக்கும் முறைக்குப் போங்கள்.

கூடவே இன்னொரு எண்ணும் தேவை: தெவிட்டிய கரைசலை மணிக்குச் சில டிகிரி வீதம் குளிர்வித்துக்கொண்டே வந்தால் எத்தனை டிகிரி கீழே போன பிறகு முதல் துகள் கண்ணுக்குத் தெரிகிறது? தெவிட்டும் வெப்பநிலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளிக்குள்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டும். அது 2 டிகிரிதான் என்றால் தொட்டியின் வெப்பநிலை 0.01 டிகிரிக்கு நிலையாக நிற்க வேண்டும். 10 டிகிரி என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

4. வித்துப் படிகம்

பெரிய படிகம் வளரத் தொடக்கமாக வைக்கும் சிறு படிகம்தான் வித்து. சிறு பீக்கர்களில் கரைசலை ஊற்றி, துளையிட்ட அலுமினியத் தாளால் மூடி வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் அடியில் சிறு படிகங்கள் சேரும். அவற்றில் பெரியதை எடுக்கக் கை போகும். அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும், ஆனால் எல்லா முகங்களும் முழுமையாக இருக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். நடுவில் மேகம் போல வெண்மை, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்லிய திரை போன்ற கோடு, உள்நோக்கிய கோணம் இவற்றில் எது இருந்தாலும் தள்ளுங்கள். உள்நோக்கிய கோணம் என்பது பெரும்பாலும் இரட்டைப் படிகத்தின் அடையாளம்.

அடுத்து, குறுக்காக வைத்த இரண்டு துருவமாக்கித் தாள்களுக்கு நடுவே வைத்துச் சுழற்றுங்கள். நல்ல ஒற்றைப் படிகம் ஒவ்வொரு 90 டிகிரிக்கும் முழுவதுமாக ஒரே நேரத்தில் இருண்டுபோகும். ஒரு பாதி இருண்டு மறு பாதி வெளிச்சமாக நின்றால் அது இரண்டு படிகம். ஒளியச்சின், அதாவது ஒளி இரண்டாகப் பிரியாமல் போகும் கோட்டின், திசையிலேயே பார்த்தாலோ கனசதுரப் படிகமாக இருந்தாலோ எப்போதும் இருட்டாகவே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். செலவில்லாத சோதனை, ஆனால் இதைச் செய்யாமல் நேரே விலை உயர்ந்த கருவிக்கு அனுப்புகிறவர்களே அதிகம்.

வித்தில் உள்ள குறை வளர்ந்த படிகத்துக்கு அப்படியே போகும், குறையாது. வித்தைத் தேடுவதில் ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை.

5. வளர்த்தல்

*மெல்ல ஆவியாக்குதல்.* எளியது, எல்லோரும் தொடங்குவது இங்கேதான். நுண்துளை வடிதாளில், முடிந்தால் 0.22 மைக்ரான் வடிகட்டியில், வடித்த கரைசலை நிலையான வெப்பநிலையில் வைத்து, மூடியின் துளைகளால் ஆவியாகும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். அறையின் வெப்பநிலை பகலும் இரவும் ஏறி இறங்கினால் படிகம் பகலில் கரைந்து இரவில் வளரும், ஒவ்வொரு நாளும் ஒரு கோடு விழும். ஆகவே மேசையில் அல்ல, தொட்டிக்குள். கரைசலின் மேற்பரப்பிலும் பீக்கரின் சுவரிலும் பொருக்குக் கட்டுவது இந்த முறையின் தீராத தொல்லை. அந்தப் பொருக்கு உடைந்து விழுந்து அடியிலுள்ள படிகத்தில் ஒட்டிக்கொள்ளும். வாய் குறுகிய பாத்திரம் கொஞ்சம் உதவும்.

*மெல்லக் குளிர்வித்தல்.* தரமான பெரிய படிகத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். தெவிட்டிய கரைசலை முதலில் தெவிட்டும் வெப்பநிலைக்கு மேலே 5 முதல் 10 டிகிரி வரை ஏற்றிச் சில மணி நேரம் அங்கேயே வைத்திருங்கள். கண்ணுக்குத் தெரியாத கருக்கள் அப்போதுதான் கரையும். இதைச் செய்யாவிட்டால் வித்தைப் போட்ட மறுநாள் அடியில் நூறு குட்டிப் படிகங்கள் கிடக்கும். பிறகு தெவிட்டும் வெப்பநிலைக்கு ஒரு டிகிரி மேலே வரை இறக்கி, வித்தையும் கிட்டத்தட்ட அதே சூட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே விடுங்கள். வித்தின் மேற்பரப்பு லேசாகக் கரைந்து கீறல்கள் போகட்டும். அதன் பிறகு தெவிட்டும் புள்ளிக்கு இறக்கிக் குளிர்விப்பைத் தொடங்குங்கள்.

ஆரம்பத்தில் நாளுக்கு 0.1 டிகிரி. படிகம் பெரிதாகப் பெரிதாக அதே வேகத்தில் வளர அதிகப் பொருள் வேண்டும், ஏனென்றால் மேற்பரப்பு கூடிவிட்டது. எனவே நாளாக ஆக 0.2, 0.3 என்று கூட்டலாம். வித்தைத் தாங்கும் கம்பியைக் கொஞ்ச நேரம் ஒரு பக்கம், நிறுத்தி, மறு பக்கம் என்று சுழற்றினால் எல்லா முகங்களுக்கும் பொருள் சமமாகப் போய்ச் சேரும். ஒரே பக்கமாகச் சுற்றினால் ஓட்டத்தின் நிழலில் இருக்கும் முகம் பட்டினி கிடந்து, கரைசலை உள்ளே அடைத்துக்கொள்ளும்.

இடையில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள். பெரிய தொட்டியில் நிறையத் தண்ணீர் இருந்தால் வெப்பநிலை மெல்லத்தான் இறங்கும், படிகம் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

*எஸ்ஆர் முறை.* சங்கரநாராயணனும் ராமசாமியும் 2005-இல் பென்சோஃபீனோனை வைத்து அறிமுகப்படுத்தியது. கண்ணாடிக் குழாயின் அடியில், வேண்டிய திசை மேலே பார்க்கும்படி வித்தைப் பொருத்திக் கரைசலை ஊற்றுவார்கள். மேலே ஒரு வளையச் சூடேற்றி, கீழே ஒன்று. மேல்பக்கம் சூடு அதிகம் என்பதால் கரைப்பான் அங்கே ஆவியாகும், வளர்ச்சி கீழே வித்தின் மேல் நடக்கும். படிகம் குழாயின் விட்டத்துக்கே உருளையாக மேலெழும்பும். லேசருக்கு எந்தத் திசை வேண்டுமோ அந்தத் திசையிலேயே வளர்வதால் வெட்டி வீணாக்கும் பொருள் மிகக் குறைவு. ஆனால் முதலில் அந்தத் திசையைத் தெரிந்துகொள்ள ஒரு சாதாரணப் படிகத்தை வளர்த்து எக்ஸ்கதிரில் திசையறிய வேண்டும், ஆகவே இது முதல் முறையாக இருக்க முடியாது.

*உருகலிலிருந்து.* சிதையாமல் உருகும் பொருளுக்கு மட்டும். பென்சோஃபீனோன் (48 டிகிரி), பென்சில் (95 டிகிரி), ஸ்டில்பீன் (124 டிகிரி) எல்லாம் இதற்கு ஏற்றவை. யூரியா உருகும்போதே சிதையத் தொடங்குவதால் ஆகாது. செங்குத்துப் பிரிட்ஜ்மன் முறையில் கூம்பு நுனி உள்ள குழாயில் பொருளைப் போட்டு, வெற்றிடத்தில் மூடி, சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலோ அதற்கும் மெதுவாகவோ இறக்குவார்கள். நுனியில் முதலில் உண்டாகும் பல கருக்களில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு மேலே வரும் என்பதுதான் அந்தக் கூம்பின் வேலை. கரிமப் பொருட்கள் வெப்பத்தை மோசமாகக் கடத்துவதால், வளர்ந்து முடிந்த பிறகு அவசரப்பட்டுக் குளிர்வித்தால் கண்ணெதிரே விரிசல் ஓடும். உறைநிலைக்கு வெகு கீழே போயும் திரவமாகவே நிற்கும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு; பென்சோஃபீனோன் அதில் கெட்டிக்காரர்.

6. வெளியே எடுத்து, வெட்டி, மெருகேற்றுதல்

வளர்ந்த படிகத்தைச் சூடான கரைசலிலிருந்து குளிர்ந்த காற்றுக்கு நேரே தூக்காதீர்கள். கரைசலை மெல்ல வடித்துவிட்டு, படிகம் தொட்டிக்குள்ளேயே பல மணி நேரம் குளிரட்டும். மேலே ஒட்டிய கரைசலை, படிகத்தைக் கரைக்காத ஹெக்ஸேன் போன்ற திரவத்தில் நனைத்து எடுத்து, வடிதாளில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்றால் உடனே உலர்கலத்துக்கு, அல்லது திரவ பாராஃபினுக்குள்.

வெட்ட வைர ரம்பம் அவசியமில்லை. கரைப்பானில் நனைத்த நூல் படிகத்தின் மேல் ஓடினால் அறுக்காமல் கரைத்தே வெட்டும், அழுத்தமும் இருக்காது. மெருகேற்ற, தட்டையான கண்ணாடி மேல் விரித்த மென்துணியில் எண்ணெயோடு நுண்ணிய அலுமினாத் தூள். இந்தப் படிகங்கள் மென்மையானவை, விரலின் அழுத்தமே கூடுதல்தான்.

7. இது எது?

இந்தப் படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்று என் கையில் அதிகாரம் இருந்தால் சட்டமே போட்டுவிடுவேன்.

இரண்டு பொருட்களைக் கரைத்து வைத்தால் மூன்றாவது ஒன்று வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கரைதிறன் குறைந்த ஒன்று மட்டும் தனியாகப் படிகமாகி வெளியே வந்துவிடலாம். அமினோ அமிலத்தையும் ஏதாவது ஒரு கனிம உப்பையும் சேர்த்து வளர்த்த ‘புதிய’ படிகங்கள் என்று அறிவிக்கப்பட்டவற்றில் பல, பிற்பாடு சரிபார்த்தபோது வெறும் அமினோ அமிலமாகவே இருந்திருக்கின்றன. கிளைசின் இதில் தனிக் கதை. சுத்தத் தண்ணீரில் ஆவியாக்கினால் ஆல்பா வடிவம் வரும், அதற்கு மையச் சமச்சீர் உண்டு. சோடியம் குளோரைடு போன்ற உப்பு கூட இருந்தால் காமா வடிவம் வரும், அது எஸ்எச்ஜி தரும். உப்பைச் சேர்த்தவர் பச்சை ஒளியைப் பார்த்ததும் புதுப் பொருள் பிறந்துவிட்டது என்று நம்பிவிடுவார். பிறந்தது காமா கிளைசின்.

எப்படி உறுதி செய்வது? ஒற்றைப் படிக எக்ஸ்கதிர்க் கருவியில் அலகுக் கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் சிறு கட்டத்தின், மூன்று நீளங்களையும் மூன்று கோணங்களையும் எடுக்க அதிக நேரம் ஆகாது. அந்த ஆறு எண்களையும் தொடக்கப் பொருட்களின் எல்லா வடிவங்களோடும், நீரேற்றங்களோடும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் வேலை அங்கேயே முடிந்தது. பொருந்தாவிட்டால் முழுக் கட்டமைப்பையும் தீருங்கள். கூட்டின் அளவை மட்டும் அட்டவணையில் போட்டு ‘புதியது’ என்று சொல்வது போதாது.

ஒற்றைப் படிகக் கருவி நீங்கள் பொறுக்கிக் கொடுத்த அந்த ஒரு துண்டைப் பற்றி மட்டுமே பேசும். மீதி எல்லாம் அதே பொருள்தானா என்பதற்குப் பொடி எக்ஸ்கதிர் வரைபடம் வேண்டும், அதைக் கட்டமைப்பிலிருந்து கணக்கிட்ட வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு தொடக்கப் பொருட்களையும் சும்மா கலந்து பொடித்த கலவையின் வரைபடத்தையும் பக்கத்தில் போடுங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அகச்சிவப்பு நிறமாலையில் அமினோ, கார்பாக்சில் எல்லாம் தெரிகிறது என்பது ஆதாரமாகாது; அவை தொடக்கப் பொருளிலும் இருந்தவைதான். கரைசலில் எடுக்கும் என்எம்ஆருக்கும் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) இதே குறை. படிகத்தைக் கரைத்த பிறகுதான் அளக்கிறோம், ஆகவே இரண்டு கூறுகளும் என்ன விகிதத்தில் உள்ளன என்று அது சொல்லும், திண்மத்தில் அவை எப்படிச் சேர்ந்திருந்தன என்று சொல்லாது.

8. ஒளி ஊடுருவல்

மெருகேற்றிய, தடிமன் தெரிந்த தட்டில் எடுங்கள். பொடியையோ கரைசலையோ அளந்துவிட்டுப் படிகத்தின் வெட்டு அலைநீளம் (அதற்குக் கீழே ஒளி ஊடுருவாத எல்லை) என்று எழுதுவது தவறு. மூலக்கூறு தனியாக இருக்கும்போது ஒரு இடத்தில் உறிஞ்சும், படிகத்தில் அண்டை மூலக்கூறுகளோடு சேர்ந்து வேறு இடத்தில் உறிஞ்சும்.

வரைபடம் வந்ததும் முதலில் உச்ச மதிப்பைப் பாருங்கள். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள தட்டின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆகவே குறையே இல்லாத படிகமும் 92 சதவீதத்தைத் தாண்டாது. 99 சதவீதம் என்று வந்தால் அடிக்கோடு, அதாவது மாதிரி வைக்காமல் எடுத்த ஒப்பீட்டு அளவு, சரியில்லை, அல்லது ஒளிக்கற்றை படிகத்தின் பக்கவாட்டில் நழுவிப் போகிறது. மறுபக்கம், 40 சதவீதத்தில் தட்டையாக நின்றால் அது உறிஞ்சல் அல்ல, பெரும்பாலும் மோசமான மெருகும் உள்ளே அடைபட்ட கரைசல் துளிகளும் சேர்ந்து செய்யும் சிதறல்.

உறிஞ்சல் கெழுவுக்குச் சுலபமான நல்ல வழி: ஒரே படிகத்தில் இரண்டு தடிமனில் தட்டுகள் வெட்டி, இரண்டின் ஊடுருவல் விகிதத்தின் இயல் மடக்கையைத் தடிமன் வித்தியாசத்தால் வகுங்கள். பரப்பில் ஏற்படும் இழப்பு இரண்டிலும் ஒன்றே என்பதால் கழிந்துவிடும். ஒரே தட்டுதான் என்றால் உறிஞ்சல் மதிப்பை 2.303-ஆல் பெருக்கித் தடிமனால் வகுக்க வேண்டும், அந்த 2.303-ஐ விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

ஆற்றல் இடைவெளியை மதிப்பிட 1240-ஐ நானோமீட்டரில் உள்ள வெட்டு அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும்: 400 நானோமீட்டருக்கு 3.1. உறிஞ்சலிலிருந்து ஆற்றல் இடைவெளியைக் கண்டுபிடிக்கப் போடும் டாக் வரைபடத்தில் நீட்டிப் பார்த்து 5.8 என்று வந்தால், கண்ணுக்கே மஞ்சளாகத் தெரியும் படிகத்துக்கு அது எப்படிச் சாத்தியம் என்று உங்களையே கேளுங்கள்.

9. எஸ்எச்ஜி சோதனை

1961-இல் ஃபிராங்கனும் குழுவினரும் ரூபி லேசரின் 694.3 நானோமீட்டர் ஒளியைக் குவார்ட்ஸில் செலுத்தி, பாதி அலைநீளமான 347.2-ஐ நிழற்படத் தகட்டில் பதிவு செய்தார்கள். அந்தப் புள்ளி அவ்வளவு மங்கலாக இருந்ததால், அச்சேறும்போது தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கதை. அச்சான படத்தில் அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டி நிற்கிறது.

இன்று நாம் செய்வது 1968-இல் கர்ட்ஸும் பெர்ரியும் தந்த பொடி முறை. படிகத்தைப் பொடித்து, சல்லடையில் அளவுவாரியாகப் பிரித்து, நியோடிமியம் யாக் லேசரின் 1064 நானோமீட்டர் துடிப்பைச் செலுத்தி, வரும் 532-ஐ யூரியா அல்லது கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) பொடியோடு ஒப்பிடுவது. சல்லடைதான் இதில் உயிர். உங்கள் பொடி 150 மைக்ரானும் ஒப்பீட்டுப் பொடி 50 மைக்ரானும் என்றால் ‘கேடிபியைப் போல் 3 மடங்கு’ என்ற எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. துகள் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். சமிக்ஞை ஏறி ஒரு மட்டத்தில் நிலைத்தால் கட்டப் பொருத்தம், அதாவது இரண்டு அலைநீளங்களும் படிகத்துக்குள் ஒரே வேகத்தில் சேர்ந்து போவது, சாத்தியம். ஏறி, உச்சம் தொட்டு, விழுந்தால் சாத்தியமில்லை. இந்த ஒரு வரைபடம் மடங்கு எண்ணைவிடப் பயனுள்ளது, ஆனால் குறைவாகவே தென்படுகிறது.

பச்சை தெரிந்தால் எஸ்எச்ஜி என்று முடிவுகட்ட வேண்டாம், இரண்டு ஃபோட்டான் உறிஞ்சி ஒளிர்ந்தாலும் பச்சை வரலாம். நிறமாலைமானியில் பாருங்கள்: எஸ்எச்ஜி 532-இல் கூர்மையான ஒரே கோடு, ஒளிர்வு அகலமான மேடு. நிறமேறிய படிகத்துக்கு 532 உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால், ஹைட்ரஜன் ராமன் செல்லின் மூலம் 1907 நானோமீட்டருக்கு மாற்றிய ஒளியைப் பயன்படுத்துவார்கள். வெளியீடு 953-இல் வரும்.

கண்ணாடி அணியுங்கள், 1064, 532 இரண்டையும் தடுப்பதாக. கண்ணுக்குத் தெரியாத 1064-தான் அதிக ஆபத்து.

10. லேசர் சேதமும் இசட்-ஸ்கேனும்

சேத வரம்பைச் சொல்லும்போது அலைநீளம், துடிப்பின் கால அளவு, புள்ளியின் ஆரம், ஒரு துடிப்பா பல துடிப்பா ஆகிய நான்கும் கூட வர வேண்டும். 10 மில்லிஜூல், 10 நானோநொடி, ஆரம் 0.2 மில்லிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.8 கிகாவாட். ஆரத்தை இரண்டு மடங்கு தவறாக அளந்தால் விடை நான்கு மடங்கு தவறும், ஆகவே குவியப் புள்ளியை லென்ஸ் சூத்திரத்தில் கணக்கிடாமல் உண்மையிலேயே அளங்கள்.

இசட்-ஸ்கேன் 1989-90 வாக்கில் ஷேக்-பஹாய் குழுவினரிடமிருந்து வந்தது. மாதிரியைக் குவியத்தின் முன்னும் பின்னும் நகர்த்தி ஊடுருவலைப் பார்ப்பதுதான், கருவி எளிது. விடையைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். தொடர் அலை ஹீலியம்-நியான் லேசரில் எடுத்தால் தெரிவது பெரும்பாலும் மாதிரி சூடாகி ஒளிவிலகல் எண் மாறுவது. ஃபெம்டோநொடித் துடிப்பில் எடுத்த எலக்ட்ரான் விளைவோடு அந்த எண்ணை ஒரே அட்டவணையில் வைத்துப் ‘பல்லாயிரம் மடங்கு பெரியது’ என்று மகிழ்வது அர்த்தமற்றது.

11. மீதி அளவீடுகள்

வெப்பப் பகுப்பாய்வில் உருகுதல் எங்கே, எடை இழப்பு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். உருகும் முன்பே எடை குறைந்தால் கரைப்பான் உள்ளே இருக்கிறது, அல்லது பொருள் சிதைகிறது. விக்கர்ஸ் கடினத்தன்மை வெட்டவும் மெருகேற்றவும் தாங்குமா என்று சொல்லும், அதற்கு மேல் அதிலிருந்து கதை கட்ட வேண்டாம். உயர் பிரிதிறன் எக்ஸ்கதிரில் உச்சி ஒற்றையாக, சில பத்து வில்நொடி அகலத்துக்குள் இருந்தால் படிகம் நல்ல நிலையில் உள்ளது. பக்கத்தில் குட்டி உச்சிகள் எழுந்தால் உள்ளே சாய்ந்த எல்லைகள் உண்டு. அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு லேசருக்கான தட்டை வேறு இடத்தில் வெட்டுங்கள். மின்கடத்தாப் பண்பு, ஒளிக்கடத்தல் எல்லாம் உங்கள் பயன்பாடு கேட்டால் மட்டும் அளந்தால் போதும்.

ஒவ்வொரு படிகத்தையும் தனி உறையில் போட்டு, கரைப்பான், தெவிட்டிய வெப்பநிலை, குளிர்வித்த வேகம், எந்தக் கரைசல் தொகுதி, எந்த வித்து என்று மேலே எழுதுங்கள். தேதியும். ஆறு மாதம் கழித்து அதே உறையைத் திறந்து முகங்கள் மங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, மங்கியிருந்தால் பொடி எக்ஸ்கதிரை மறுபடியும் எடுங்கள்.